விளைவிடம் பேசக் கூடாது

பஞ்சரின் மனைவி பாட ஆரம்பித்ததில்தான் எல்லா வம்பும் தொடங்கியது. பாட்டு என்றால் மேடைக் கச்சேரி இல்லை. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் வாய் திறக்காமல் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் அது பாட்டுக்கு ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் ஆள் காதில் விழுந்து தொலைத்தது.

நம் ஆள் பஸ் டிப்போவில் டயர் பிரிவு. பஞ்சர் என்பது டிப்போ வைத்த பெயர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி விசாரித்தால் கேட் வாட்ச்மேன் அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிடுவார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே பாதி ஆயுள் போயிற்று அவருக்கு. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். பெண்டாட்டி சந்தோஷமாக இருந்தால் நாமும் சந்தோஷமாக இருப்போம் என்று தோன்றாது. இது எங்கிருந்து கசிகிறது என்றுதான் தோன்றும்.

தேடியதில் ஒருவர் அகப்பட்டார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் பொறுப்பு. அந்தக் கடைக்குப் புதிதாக ஒரு கண் பரிசோதகர் வந்திருந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, தூங்கும் குழந்தையை எழுப்பாத குரல். இருட்டறையில் முகத்துக்கு நேரே குனிந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் தொழில். இதுவும் ஒரு தொழிலா என்று பஞ்சருக்கு எரிச்சல். ஒரு சாயங்காலம் மனைவியைக் கூட்டிவரப் போனபோது அந்த மனுஷன் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். போயிற்று! அவன் வந்ததும் அந்த மாதம்தான், பாட்டு வந்ததும் அந்த மாதம்தான்.

டிப்போ கேன்டீனில் ஒரு டிரைவரிடம் மனசு விட்டுச் சொன்னார்.

"யோவ் பஞ்சர், வீட்லயே ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?" என்றார் டிரைவர்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

"இல்லைன்னு சொன்னா?"

"நம்ப மாட்டேன்."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது. வாரியத்துக்குப் போ."

காரண நிர்ணய வாரியத்தைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்துவிட்டால், ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்லிவிடலாமா என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஒரு குழு போட்டார்கள். குழு வாரியமாகி, வாரியத்துக்குக் கட்டடம் வந்து, கட்டடத்துக்கு லிப்ட் வந்து, லிப்ட் ஏன் ஓடவில்லை என்று நிர்ணயிக்க ஒரு துணைக்குழுவும் வந்தாயிற்று. அந்தப் பழைய கேள்வி மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'காரணமின்றி எதுவுமில்லை. வாரியமின்றிக் காரணமில்லை.' பள்ளிக்குத் தாமதமாக வரும் பிள்ளைகள்கூட அந்த ஊரில் தாங்களாகக் காரணம் சொல்ல முடியாது. முத்திரை வேண்டும்.

காத்திருக்கும் அறையில் பஞ்சர் பக்கத்தில் முடி தோளுக்குக் கீழே தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முடி வெட்டினால் மழை வருகிறது என்று வாரியம் நிர்ணயித்திருக்கிறதாம். அதிலிருந்து அனுமதி இல்லாமல் கத்திரியைத் தொட முடியாது. சலவைக்காரர்கள் ஆட்சேபித்ததால் அனுமதியும் நிலுவையில் கிடக்கிறது.

"இது தற்செயல்னு சொல்லிப் பார்த்தீங்களா?" என்றார் பஞ்சர்.

"அதுக்குத் தனியா தற்செயல் பிரிவு இருக்குங்க. மூணாவது மாடி. பூட்டியே கிடக்கு."

"எப்போ திறப்பாங்க?"

"அது தற்செயலாத்தான் திறக்குமாம்" என்று முடியை ஒதுக்கிக்கொண்டார் அவர்.

பஞ்சரை இணைப்பு அதிகாரி கூப்பிட்டார். எது எதோடு சேர்ந்து நடந்தது என்று பார்த்துச் சொல்வது அந்த அம்மாவின் வேலை.

"விளைவு என்ன?"

"என் மனைவிங்க, மேடம்."

"மனைவி ஆளு. விளைவைக் கேக்குறேன்."

"பாடுறாங்க... பாடுறா."

"சந்தேகக் காரணம்?"

"கண்ணு டாக்டர். டாக்டர்கூட இல்லைங்க, கண்ணு பாக்குறவன்."

"அதே சமயத்துல வேற ஏதாவது மாறிச்சா?"

பஞ்சர் யோசித்தார். "எனக்கு நைட் ஷிப்டை மாத்திப் பகல் ஷிப்ட் போட்டாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து ராத்திரி வேலைதான். இப்போ பொழுது சாயுறப்பவே வீட்டுக்கு வந்துடுறேன்."

"அதை விட்டுடுங்க. ஒரு மனுவுக்கு ஒரு காரணம்தான். ரெண்டாப் போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க. அதுவும் போக, விண்ணப்பதாரர் காரணமா இருக்க விதியில இடம் இல்லை. புகார் கொடுத்தவரே காரணம்னா நாங்க யார் மேல நடவடிக்கை எடுக்கிறது?"

பஞ்சருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையெல்லாம் ரப்பர் நாற்றம் அடிக்கிற ஒருவன் சீக்கிரம் வீட்டுக்கு வருகிறான் என்று எந்தப் பெண்ணாவது பாடுவாளா? தன்னால் அவள் பாடுகிறாள் என்று நம்புவதைவிட, கண் பரிசோதகரால் பாடுகிறாள் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மனசு வலித்தது, ஆனால் சுலபமாக இருந்தது.

முதலில் இணைப்பை உறுதி செய்ய, பாட்டைக் காதால் கேட்டுக் குறித்துவர ஒரு கேட்பாளரை அனுப்பினார்கள். ஒல்லியான மனுஷன், எந்நேரமும் ஜலதோஷம். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர் என்று சொல்லி அவரைச் சமையலறைத் தொட்டிக்கடியில் உட்கார வைத்தார் பஞ்சர். மனைவி பாவம், வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவ்வளவுதான், கேட்பாளர் டீயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சருக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் வைத்து மடக்கினார்.

"என்ன சார் சொன்னா அவ?"

"எனக்குக் கேக்கலை. கேட்டிருந்தா என் வேலை போயிடும். விளைவு பேசக் கூடாது, பேசினா நாங்க கேக்கக் கூடாது. பாடினா மட்டும் கேக்கலாம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்.

இதை வாரியத் தலைவரே விசாரணையில் விளக்கினார். தலைவர் பேசும்போது நாற்காலியைச் சுற்றி நான்கு பேர் தலையாட்ட நிற்பார்கள்.

"தம்பி, நெருப்புகிட்டப் போய், ஏன் எரியுறன்னு யாராவது கேப்பாங்களா? விளைவுகிட்டப் போய்க் கேட்டா, அது மனசுல பட்டதைச் சொல்லிட்டுப் போயிடும். அப்புறம் வாரியம் எதுக்கு? இந்தக் கட்டடம் எதுக்கு? இவங்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கு."

நான்கு பேரும் தலையாட்டினார்கள். பஞ்சரும் ஆட்டிவைத்தார்.

அடுத்தது அளவுச் சோதனை. காரணத்தைக் கூட்டினால் விளைவும் கூட வேண்டும், அதுதான் தத்துவம். கண்ணாடிக் கடைக்கு உத்தரவு போயிற்று. அரை நாள் மட்டும் வந்துகொண்டிருந்த கண் பரிசோதகர் இனி முழு நாளும் வர வேண்டும். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசை. சாயங்காலம் ஒரே பஸ். மழை பெய்தால் ஒரே குடை.

"மழை எப்போ பெய்யும்னு தெரியாதே" என்றார் ஒரு உதவியாளர்.

உடனே அந்த நீளமுடிக்காரரைக் கூப்பிட்டு, சலவைக்காரர்களின் ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்து, அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்து முடியை வெட்டினார்கள். மழை வரவில்லை. மழை தாமதம் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு என்றைக்கோ நாலு தூறல் போட்டபோது தலைவருக்குப் பாராட்டு விழா நடந்தது.

பஞ்சர் பாடு திண்டாட்டம். டிப்போவில் இடைவேளை விட்டதும் ஓடிப்போய்க் கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். கண்ணாடி வழியே மேசை தெரியும். ஒருநாள் கண் பரிசோதகர் ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துக்கொண்டாள். பஞ்சருக்குக் காதில் புகை வந்தது. மூச்சிரைக்க வாரியத்துக்கு ஓடினார்.

"சார், ஆரஞ்சு சார்! உரிச்சுக் குடுக்கிறான்! உத்தரவுல ஆரஞ்சு இல்லையே!"

தலைவர் முகம் மலர்ந்தது. "உத்தரவுல இல்லாததும் நடக்குதா? நல்ல அறிகுறி."

"எனக்கு வயிறு எரியுதுங்க."

"எரியட்டும். அது பக்க விளைவு. தனி மனு போடுங்க."

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, கடையில என்னென்னமோ பண்றாங்க. அவரையும் என்னையும் ஒரே மேசையில உக்காரச் சொல்றாங்க, ஒரே பஸ்ல போகச் சொல்றாங்க. எங்க ரெண்டு பேருக்குமே சங்கடமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

'எங்க ரெண்டு பேருக்கும்' என்ற சொல் முள்ளாகக் குத்தியது. எல்லாவற்றையும் கொட்டிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நம் ஆள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்?" என்றார். "உனக்குத்தான் தெரியணும்" என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார். அவள் அன்று பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவினாள்.

அளவுச் சோதனையின் முடிவு வந்தது. பாட்டு கூடவில்லை, பாதியாகக் குறைந்திருந்தது. புருஷன் உர்ரென்று உட்கார்ந்திருக்கிற வீட்டில் யார் பாடுவார்கள்? வாரியம் அசரவில்லை. வெளியே குறைந்தால் உள்ளே கூடியிருக்கிறது என்று பொருள், விளைவு மறைத்துப் பாடுகிறது என்றார் இணைப்பு அதிகாரி. தலைவர் நீக்கச் சோதனைக்கு உத்தரவிட்டார்.

பஞ்சருக்கு உயிர் வந்தது. "அவனைத் தூக்கிடுவீங்களா சார்?"

"அதெப்படி? சந்தேகக் காரணத்தைத் தூக்கிட்டா சந்தேகமே போயிடும். அப்புறம் எதை ஆராய்றது? உங்களைத்தான் நீக்கப் போறோம்."

டிப்போவிலிருந்து வெளியூர் வேலைக்கு அனுப்பியிருப்பதாக மனைவிக்குத் தகவல் போயிற்று. பஞ்சரின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, வாரியத்தின் பின்கட்டில் இருக்கும் நீக்க விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். கேட்பாளர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுவிட்டு, தினமும் பொழுது விடிந்ததும் வந்து அறிக்கை சொல்வார்.

முதல் அறிக்கையே வேறு மாதிரி இருந்தது. "பாட்டு சுத்தமா நின்னுடுச்சு" என்றார் கேட்பாளர்.

பஞ்சர் கட்டிலிலிருந்து குதித்து எழுந்தார். டயர் ரப்பரும் தண்ணீர்த் தொட்டியுமாகப் போன வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் தலைவர் அறைக்கு ஓடினார்.

"சார்! நான் போனதும் நின்னுடுச்சு சார்! அப்போ நான்தானே? என்னாலதானே பாடியிருக்கா?"

"உக்காருங்க" என்றார் தலைவர். "விண்ணப்பதாரர் காரணம் ஆக முடியாதுன்னு மொதல்லயே சொல்லியாச்சு. அதனால, நீங்க போனதால நிக்கலை. சந்தேகக் காரணம் போதுமான அளவு போய்ச் சேரலை. அதான் நின்னிருக்கு. சோதனையை நீட்டிக்கிறோம்."

"வேண்டாம் சார். மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸுக்கு என்ன காரணம்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சு சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சா ஆச்சா? அந்தக் காரணத்தையும் வாரியம்தான் நிர்ணயிக்கணும்." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவு திறந்துதான் இருக்கு. யாரும் உங்களைக் கட்டிப் போடலை. போகலாம். ஆனா ஒண்ணு. போயிட்டா ஆயுசுக்கும் உறுதியாத் தெரியாது. ஒவ்வொரு தடவை அவங்க சிரிக்கும்போதும் உங்களுக்கு அந்த ஆரஞ்சு ஞாபகம் வரும்."

கதவு நிஜமாகவே திறந்துதான் இருந்தது. வெளியே தெரு, தெருக்கோடியில் பஸ் நிறுத்தம். பஞ்சர் கதவைப் பார்த்தார். ஆரஞ்சு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனை என்ன சொல்ல!

அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கூடத்துல பல்ப் போயிடுச்சு. சந்தேகக் காரணம் பஸ் ஸ்டாப்ல இருந்து கூடவே வந்து, ஸ்டூல் போட்டு மாத்திக் குடுத்தாரு."

"ஸ்டூலை யார் பிடிச்சா?"

"விளைவு."

"அது என் ஸ்டூல் சார்! ஒரு கால் ஆடும், அவனுக்குத் தெரியாதே!"

"அதான் விளைவு பிடிச்சுது."

இன்னொரு நாள்: "விளைவுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளா வேலைக்குப் போகலை. சந்தேகக் காரணம் மருந்து வாங்கிட்டு வந்தாரு."

பஞ்சர் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார். "நான் எங்கேன்னு கேக்கலையா அவ?"

"கேட்டுது. சன்னல்ல என்னைப் பார்த்துட்டு, குழாய்க்காரரே, எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது தெரியுமான்னு கேட்டுது. நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

அந்தக் கேட்பாளன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது பஞ்சருக்கு. ஆனால் நாளைய அறிக்கைக்கு அவன் வேண்டும். விட்டுவிட்டார். காய்ச்சல் விட்டதும், ஒரு காலையில் கேட்பாளர் ஓட்டமும் நடையுமாக வந்து, "ஆரம்பிச்சுடுச்சு! பாட்டு ஆரம்பிச்சுடுச்சு!" என்று கத்தினார். கட்டடம் முழுக்க விசில் பறந்தது. இணைப்பு அதிகாரி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். பஞ்சர் கையிலும் ஒன்றை வைத்தார்.

தீர்ப்பைத் தலைவர் எழுந்து நின்று வாசித்தார். வாசித்த பிறகு மனம் திறந்து நாலு வார்த்தை பேசினார்.

"நண்பர்களே, இந்த வழக்கு நம்மகிட்ட வந்தப்போ ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லை. அளவுச் சோதனையில இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு. வேற யாரா இருந்தாலும் கையை விரிச்சிருப்பாங்க. நாம விட்டோமா? சான்று இல்லைன்னா சான்று வர்ற வரைக்கும் சோதனை பண்றதுதான் நம்ம மரபு. இந்த வாரியம் கைவச்ச எந்தச் சந்தேகமும் இதுவரைக்கும் பொய்யாப் போனதில்லை." பஞ்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சந்தேகப்பட்டது நூத்துக்கு நூறு சரி, தம்பி. வாழ்த்துகள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் மனசு ஆறிவிடும் என்றுதான் பஞ்சர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். எங்கே ஆறியது? முன்னைவிட அதிகமாக எரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தீர்ப்பின் நகல் ஒன்றை விளைவுக்கும் அனுப்புவது வாரியத்தின் வழக்கம். அது பஞ்சருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்லை."

அவள் எழுந்திருக்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க."

"பயமா இருந்துச்சு."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து பொழுது சாஞ்சா இந்த வீட்ல நான் தனியாத்தான் உக்காந்திருப்பேன். அந்த மாசம் நீங்க சீக்கிரம் வர ஆரம்பிச்சீங்க. படியில உங்க செருப்புச் சத்தம் கேக்கும். எனக்கே தெரியாமப் பாட்டு வந்துடும். குழாய் பார்க்க வந்தவர்கிட்டகூடப் பெருமையா அதைத்தான் சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கிட்டாரு."

பஞ்சர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். தான் யாரைப் பார்த்து இத்தனை நாள் வயிறெரிந்தோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த மாதத்துப் பஞ்சரைப் பார்த்து. அந்தப் படியேறி வந்த ஆளைப் பார்த்து இப்போதுகூடப் பொறாமையாக இருந்தது.

"இப்போ கேக்குறேன்" என்றார். "இப்போ எதுக்குப் பாடுற?"

"இப்போ கேட்டா பதில் வேறங்க."

"எப்போ மாறிச்சு?"

அவள் கதவைப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல படுத்திருந்தேன். கதவைத் தட்டுற சத்தம் கேட்டுது. நீங்கதான்னு நினைச்சு எழுந்து ஓடி வந்தேன்."